பாதியில் நின்றவரும் முன்னாள் மாணவரே



சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் படித்து வேலைக்குப் போனவர்கள், பள்ளிக்கு ஒரு முன்னாள் மாணவர் சங்கம் தொடங்க வேண்டும் என்று சில காலமாகப் பேசி வருகிறார்கள். நல்ல பேச்சு. அந்தச் சங்கம் யாருக்காக, யாரை உறுப்பினராகக் கொண்டு என்பதை வரலாற்றிலிருந்து பார்ப்பதே இந்த உரையின் நோக்கம்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்புத் தோழர்கள் ஒன்றுகூடினோம். ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, குழுப்படம், மதியம் பிரியாணி எல்லாம் நடந்தது. கிளம்பும்போதுதான் ஒருவன் நினைவுக்கு வந்தான். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். அரைப் பரீட்சைக்குப் பிறகு அவன் வரவில்லை. வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள் என்றார்கள். அவனை அழைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அழைப்புப் பட்டியலைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்களின் பெயர்களை வைத்துப் பட்டியல் போட்டோம். அதில் அவன் எப்படி இருப்பான்?

அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் பெரும்பாலும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை.

படித்து மேலே வந்தவர் அடுத்தவரைக் கைதூக்கிவிடுவது நமக்குப் புதிதல்ல. 1907இல் அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறியபோது பாராட்டுக் கூட்டம் நடந்தது. அங்கே வந்த ஆசிரியர் கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். அத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பரோடா மன்னரிடம் பேசி மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்தார். அந்தப் பணம் இல்லாவிட்டால் கல்லூரிப் படிப்பு நடந்திருக்காது. பாராட்டோடு முடிகிற கூட்டத்துக்கும் உதவித்தொகையில் போய் முடிகிற கூட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அம்பேத்கர் அந்தக் கடனை எப்படித் திருப்பினார்? 1924 ஜூலையில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். மறு ஆண்டு ஜனவரியிலேயே அந்தச் சபை சோலாப்பூரில் ஒரு விடுதியைத் திறந்தது. அது உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான விடுதி. நம் பிள்ளைகள் கழன்று விழுகிற இடம் அந்த வகுப்புகள்தான் என்பதை அவர் தம் வாழ்விலிருந்து அறிந்திருந்தார். பின்னர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல், பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் வந்தது. ஒரு மாணவனுக்கு ஒரு மன்னர் தந்தது, இரண்டு தலைமுறைக்குள் அரசின் கடமையாக மாறியது. தயவில் தொடங்கியதை அவர் உரிமையாக்கினார்.

தமிழகத்திலும் இதே தடம் உண்டு. எம்.சி.ராஜா பள்ளி ஆசிரியராக இருந்து சட்டமன்றத்துக்குப் போனவர். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். ஊர் ஊராகச் சென்று நன்கொடை திரட்டிப் பள்ளியை வளர்த்தார். அவரே ஏழைக் குடும்பத்தில் பிறந்து திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தவர். படிப்பு இடையில் அறுபடுவதன் வலியை அறிந்தவர். அந்தப் பள்ளி இன்று ஆதிதிராவிடர் நலத்துறைப் பள்ளியாக நடக்கிறது. இங்கேயும் முதலில் ஒருவர் கை நீண்டது, பிறகு அரசின் கை வந்து சேர்ந்தது.

அரசின் கை எப்போதும் நமக்காகவே நீளும் என்றும் இல்லை. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து நகராட்சித் தலைவரான ராஜாஜி, முதலமைச்சராக 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் கிராமப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கலாம் என்றது. சாவு மேளமும் செருப்புத் தைப்பதும் பண்ணை வேலையும் அப்பன் தொழிலாக இருந்த வீடுகளுக்கு அதன் பொருள் உடனே புரிந்தது. எதிர்ப்பு எழுந்தது, 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே தங்கள் பள்ளிக்குப் பலகை, மேசை, கட்டடம் என்று கொடுத்தார்கள். இன்றைய முன்னாள் மாணவர் சங்கங்களுக்கு அது ஒரு முன்னோடி.

இப்போது நிலைமை என்ன? 2009 கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரை பிள்ளையைக் காக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 2016 திருத்தத்துக்குப் பிறகும் 14 வயது முடிந்தவரை அபாயகரமான தொழில்களில்தான் தடுக்கிறது. அதாவது பள்ளி கையை விடுகிற வயதும் பட்டறை கையைப் பிடிக்கிற வயதும் ஒன்றே. சோலாப்பூர் விடுதி நின்ற இடமும் இதுதான். சங்கம் நிற்க வேண்டிய இடமும் இதுதான்.

உதவி இல்லாமல் இல்லை. ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு உதவித்தொகை இருக்கிறது. ஆதிதிராவிடர் நல விடுதிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அருந்ததியருக்கு 2009 முதல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் சாதிச் சான்றிதழ் வாங்க ஒரு நாள் கூலியை விட வேண்டும். வங்கிக் கணக்கில் பெயர் ஓர் எழுத்து மாறினால் பணம் வராது. எந்தப் படிப்புக்கு எந்தத் தேதிக்குள் விண்ணப்பிப்பது என்று வீட்டில் சொல்ல ஆளில்லை. இந்த இடைவெளியில்தான் பிள்ளை விழுகிறது. இதே வழியில் நடந்து வந்த முன்னாள் மாணவரைவிட இதை அறிந்தவர் யார்?

ஆகவே சங்கம் தொடங்குவோருக்கு நான்கு விண்ணப்பங்கள்.

ஒன்று, தேர்வு எழுதியவர் பட்டியலை வைத்துத் தொடங்காதீர்கள். சேர்க்கைப் பதிவேட்டை வைத்துத் தொடங்குங்கள். ஒரு நாள் அந்தப் பள்ளியில் உட்கார்ந்தவரும் உறுப்பினரே. பட்டறைக்குப் போன தோழருக்கு நிர்வாகக் குழுவில் இடம் கொடுங்கள். அடுத்து எந்த வீட்டுப் பிள்ளை பட்டறைக்கு வரப்போகிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

இரண்டு, 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். அந்த ஏழு பேரில் ஊரும் சேரியும் இருக்க வேண்டும், பெண்கள் இருக்க வேண்டும். தலைமைப் பொறுப்பு ஒரே தெருவில் தங்கிவிடக் கூடாது. வரவு செலவை ஆண்டுதோறும் பொதுக்குழுவில் படித்துக் காட்டுங்கள்.

மூன்று, மின்விசிறியிலும் பெஞ்சிலும் பெயர் எழுதுவதோடு நிற்காதீர்கள். நோட்டுப் புத்தகம் வாங்கும் பிள்ளையை நிறுத்திப் படம் பிடிக்காதீர்கள். வாங்குகிறவர் தலைகுனிய வேண்டியிருந்தால் அது உதவியே அல்ல. இரண்டு நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாம் நாள் ஒருவர் போனால் போதும்; அது பல பெஞ்சுகளுக்குச் சமம்.

நான்கு, அரசு செய்ய வேண்டியதைச் சங்கம் சுமக்க வேண்டாம். ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் கேளுங்கள், கழிப்பறை இல்லாவிட்டால் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டிருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்து கேளுங்கள். தயவை உரிமையாக்குவதுதான் நம் வரலாறு காட்டும் பாதை.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு என் தோழனைத் தேடிப் போனேன். பட்டறை வாசலில் நின்று பேசினோம். அழைக்காததற்கு வருத்தம் தெரிவித்தேன். "அதுக்கென்ன, நான் பாதியிலயே வந்துட்டவன்தானே" என்றான். பிறகு, அவன் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிப்பதாகச் சொன்னான்.

நம் சங்கத்தின் முதல் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

ஜெய்பீம்.