தண்ணீர் இருந்தும் எரிந்த நகரம்

பூகம்பம் என்றதும் இடிந்து விழும் கட்டிடங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் மண்ணுக்குள் புதைந்து கிடந்த குழாய்கள் உடைந்ததால் ஒரு நகரமே சாம்பலான வரலாறும் உண்டு. அந்த நகரம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ.

1906ல் நடந்தது

1906 ஏப்ரல் 18, அதிகாலை 5.12 மணி. சான் ஆன்ட்ரியாஸ் பிளவு சுமார் 470 கிலோமீட்டர் நீளத்துக்கு நழுவியது. நடுக்கம் சீக்கிரமே அடங்கிவிட்டது. அதன்பின் மூண்ட தீயோ மூன்று நாட்கள் எரிந்தது. சுமார் 28,000 கட்டிடங்கள் அழிந்தன. 3,000 பேருக்கு மேல் இறந்தனர்.

நகருக்கு வெளியே மலைப்பகுதியில் இருந்த அணைகள் உடையவில்லை, தண்ணீரும் இருந்தது. ஆனால் அங்கிருந்து வந்த பெரிய குழாய்கள் பிளவைக் கடந்த இடத்திலும் சதுப்பு நிலத்திலும் முறிந்தன. நகருக்குள் தெருக் குழாய்களில் சுமார் 300 உடைப்புகள், வீட்டு இணைப்புகளில் 23,000க்கும் மேல். வலென்சியா தெருவில் பழைய ஓடையை நிரப்பிய மண் பக்கவாட்டில் நகர்ந்து, பெரிய குழாய்களையும் அறுத்துவிட்டது.

தீயணைப்புக்கென்று தனி நீர் வழி வேண்டும் என்று அதற்கு முன்பே வாதாடி வந்தவர் தீயணைப்புத் தலைவர் டென்னிஸ் சல்லிவன். அன்று காலை பக்கத்து ஹோட்டலின் புகைபோக்கி இடிந்து விழுந்ததில் படுகாயமடைந்து, நான்கு நாட்களில் இறந்து போனார்.

குழாய் ஏன் உடைந்தது?

வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் இழுத்தாலோ வளைத்தாலோ சட்டென்று முறியும். ஈயம் உருக்கி ஊற்றி அடைத்த இணைப்புகள், குழாய் சிறிது நகர்ந்தாலே கழன்றுவிடும். மண்ணோ சில இடங்களில் மீட்டர் கணக்கில் நகர்ந்தது.

சல்லிவன் கேட்ட தனி நீர் வழி 1913ல் தயாரானது. மலை உச்சியில் நீர்த்தேக்கம், கடல்நீரை ஏற்றும் பம்பு நிலையங்கள், தடித்த இரும்புக் குழாய்கள் எல்லாம் அதில் இருந்தன. ஆனாலும் 1989 அக்டோபர் 17 பூகம்பத்தில் அந்தக் குழாய்களிலும் உடைப்பு ஏற்பட்டு, மேட்டிலிருந்த ஒரு தொட்டி வடிந்துபோனது. மெரினா பகுதியில் தீ பிடித்தபோது 'ஃபீனிக்ஸ்' என்ற தீயணைப்புப் படகு கடல்நீரை இறைத்தது. அதைத் தீ வரை கொண்டு சென்றவை தெருவில் விரித்துப் போட்ட ஹோஸ்கள். இரும்பு தோற்ற இடத்தில் வளைந்து கொடுக்கும் ஹோஸ் வென்றது!

இழைக் குழாய்கள்

அதே வளையும் குணத்தை மண்ணுக்குள்ளும் கொண்டுவர முடியுமா? 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய ஃபைபர் கிளாஸ் குழாய்கள் இதற்கு ஓரளவு விடை தந்தன. கண்ணாடி இழைகளை ரெசினில் நனைத்துச் சுற்றிச் செய்யப்படும் இவை துருப்பிடிக்காது, எடையும் குறைவு. மண் அழுத்தும்போது சற்று நீள்வட்டமாகி, பாரத்தைச் சுற்றியுள்ள மண்ணோடு பகிர்ந்துகொள்ளும்.

ஆனால் இவற்றுக்கும் பலவீனம் உண்டு. இழைகள் பெரும்பாலும் குழாயைச் சுற்றி ஓடுவதால் நீளவாக்கில் பலம் குறைவு. எஃகு முறியும் முன் நன்றாக நீளும், இது அப்படி நீளாது. முதலில் ரெசினில் நுண்ணிய விரிசல் விழுந்து நீர் கசியும், பிறகு இழைகள் அறும். எனவே இணைப்புகள்தான் அசைந்து கொடுக்க வேண்டும். ரப்பர் வளையம் வைத்த இணைப்பு சில டிகிரி திரும்பும், ஆனால் நிலம் அதிகமாக இழுத்தால் கழன்றுவிடும்.

இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஜப்பான் காட்டியது. அங்கே சில இரும்புக் குழாய் இணைப்புகள் குழாய் நீளத்தில் 1 சதவீதம் வரை நீண்டு, அதன்பின் பூட்டிக்கொள்ளும். அதாவது 6 மீட்டர் குழாய்க்கு 6 சென்டிமீட்டர். இப்படி ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்க, குழாய் வரிசையே சங்கிலி போல நிலத்தோடு நகரும். 1995ல் 6,000 பேருக்கு மேல் பலிகொண்ட கோபே பூகம்பத்தில் சாதாரணக் குழாய்கள் பல உடைந்து தீயணைப்பு முடங்கியது. இந்த இணைப்பு இருந்த குழாய்களோ தப்பின.

ஆக, இரும்போ இழையோ, நிலத்தை எதிர்த்து நிற்கும் குழாய் உடைகிறது. அதோடு சேர்ந்து நகரும் குழாய் பிழைக்கிறது.

சான் பிரான்சிஸ்கோவில் 20ஆவது தெருவும் சர்ச் தெருவும் சந்திக்கும் இடத்தின் அருகே ஒரு ஹைட்ரண்ட் இருக்கிறது. 1906ல் சுற்றிலும் எல்லாம் வறண்டபோது அதில் மட்டும் தண்ணீர் வந்து, அந்தப் பகுதி பிழைத்தது. அதற்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 18 அன்று தங்க வண்ணம் பூசுகிறார்கள்.