பாரமற்ற செய்திப் பாதைகள்

விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்கூடங்களில் உருவாகும் பொருள்களுள் மின்காப்பான்களும் ஃபியூஸ் கட்டைகளும் குறிப்பிடத்தக்கவை. காண்பதற்கு அவை எளியவை. ஆற்றும் பணியோ பெரிது. மின்னோட்டம் கம்பியின் வழியே செல்லவும், கம்பத்தில் கசியாதிருக்கவும் பீங்கானே காவல். செய்தி செல்லும் பாதைக்கும் அத்தகைய காவல் வேண்டுமன்றோ? எழுதியவரிடமிருந்து படிப்பவரைச் சேரவேண்டிய செய்தி, இடையில் மூன்றாமவரின் கணக்கேட்டில் கசியலாகாது. இணையத்தின் வரலாற்றை இந்நோக்கில் சிறிது காண்போம்.

அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்காகில் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1991ஆம் ஆண்டில் 'கோஃபர்' என்னும் முறையை அமைத்தனர். கோஃபர் என்பது வளை தோண்டி வாழும் சிற்றுயிர். படிப்பவரின் கணினி ஒரே ஒரு வரியில் தன் வேண்டுகோளை அனுப்பும். எதிர்முனைக் கணினி பட்டியலையோ ஏட்டையோ தந்துவிட்டுத் தொடர்பை முடித்துக்கொள்ளும். கேட்டார், கொடுத்தார், விடைபெற்றார், அவ்வளவே.

அக்காலத்தில் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய வலையும் வளர்ந்துவந்தது. 1993இன் தொடக்கத்தில், கோஃபர் வழங்கி மென்பொருளுக்குச் சிலரிடம் கட்டணம் பெறப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 30ஆம் நாள் சேர்ன் ஆய்வகம் வலையின் மென்பொருளைக் கட்டணமின்றி உலகினர் அனைவருக்கும் உரியதாக்கியது. படங்களைக் காட்டும் மொசைக் உலாவியும் அவ்வாண்டே வெளிவந்தது. மக்கள் வலையின்பால் திரண்டனர், கோஃபர் ஒதுங்கிற்று.

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி 'குக்கி' என்னும் சிறு குறிப்பை வகுத்தார். கடைக்கு வந்தவர் கூடையில் இட்ட பொருளை மறவாதிருப்பதே அதனை வகுத்ததன் நோக்கம். நாளடைவில் விளம்பர நிறுவனங்கள் அதனையே, ஒருவர் எந்தெந்தப் பக்கங்களைப் படித்தார் என்று தொடர்ந்து குறித்துவைக்கும் கருவியாக்கிக்கொண்டன. பக்கங்களும் பருத்தன. இக்கட்டுரை முழுவதும் வெறும் எழுத்தாக 20 கிலோபைட்டுக்குள் அடங்கும். இன்று சராசரியான வலைப்பக்கம் ஒன்றோ 2 மெகாபைட்டைக் கடந்துவிட்டது. எஞ்சியவை படங்களும் நிரல்களும். அந்நிரல்களுள் ஒரு பகுதி படிப்பவரை வேவு பார்ப்பதற்கே உரியது.

அனுமதியும் சலாமும் இன்றி அயலார் இல்லத்துள் நுழையலாகாது என்பதை அந்நூர் அத்தியாயத்திலும், பிறர் மறைவைத் துருவலாகாது என்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்திலும் ஓதி வளர்ந்தவர்கள் நாம். வாசல் இன்று கைபேசியாக மாறியதனால் ஒழுக்கம் மாறிவிடுமா?

இவ்வினாவுக்குத் தொழில்நுட்ப வகையில் விடை தேடியோரும் உளர். 'சால்டர்பங்க்' என்னும் புனைபெயருடைய ஒருவர் 2019ஆம் ஆண்டில் 'ஜெமினி' முறையைத் தொடங்கினார். 1965இல் இருவரைச் சுமந்து விண்ணிற் பறந்த ஜெமினி 3 கலத்தின் நினைவாக அதன் வாயில் எண்ணும் 1965 என்றே அமைந்தது. கோஃபரின் எளிமை அதில் உண்டு. கோஃபரில் இல்லாத மறையாக்கம் அதில் கட்டாயம். குக்கி இல்லை, தானே ஓடும் நிரல் இல்லை, கேளாமல் இறங்கும் படமும் இல்லை. யூனிகோடு எழுத்தையே அடிப்படையாகக் கொண்டமையால் தமிழும் தடையின்றி நடக்கும். எனினும், வந்த கணினியின் இணைய முகவரி வழங்குபவருக்குத் தெரியவே செய்யும். முழு மறைவு அதிலும் இல்லை.

எளிய பாதையின் வலிமைக்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை நிறுவத் தொடங்கியது. வானொலி அலைவழியே ஊர்கள் இணைக்கப்பட்டன. வீராம்பட்டினத்து மீனவர்க்குக் கடலலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசிச் செய்தி நல்லவாடு மையத்தின் ஒலிபெருக்கியில் முழங்க, ஊர் மக்கள் உயிர் தப்பினர். சில சொற்கள்; ஓர் ஒலிபெருக்கி. அவை பல்லாயிரம் படங்களினும் பெரும்பணி ஆற்றின.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும் இவ்வழியதே. தன்னார்வலர் தட்டச்சிட்ட நூல்களை அது இலவசமாக வழங்கிவருகிறது. நம் உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அவற்றுள் ஒன்று.

வங்கிப் பணியும் தேர்வு விண்ணப்பமும் ஜெமினியில் நடவா. வலையைத் துறப்பதும் இயலாது. ஆயினும் படிப்பதற்கென்று உள்ளவற்றை, அதாவது நம் பழைய இதழ்களையும் பாட நூல்களையும் கட்டுரைகளையும், எளிய எழுத்து வடிவிலும் வைக்கலாமே. சூளைப் பணி முடித்துத் திரும்பும் தந்தையின் ஒரே கைபேசியில் பிள்ளைகள் முறைவைத்துப் படிக்கும் இல்லங்கள் உள்ளன. அங்கே ஒவ்வொரு மெகாபைட்டும் காசு. அப்பிள்ளை எதைப் படித்தது என்பதோ அப்பிள்ளைக்கே உரிய அமானிதம். அதனைப் பேணும் பொறுப்பு நம்முடையது.