திண்ணையில் கிடைத்த தீர்ப்பு: இசை நாடகமும் ரசிகர் சினமும்

புதியதோர் இசை நாடகம் அரங்கேறிய மறுநாள் பத்திரிகைகள் அதனைக் குறைகூறி எழுதுமாயின், அதன்மேல் அபிமானம் கொண்டோர் கொதித்தெழுவது எந்நாட்டிலும் காணப்படுவது. அக்கொதிப்பை நடிகர்மேல் கொண்ட மோகம் என்று தள்ளிவிடுவது கற்றோர் வழக்கம். அவ்வழக்கத்தில் பாதி நியாயமே உண்டு என்பது என் கருத்து. ரசிகர் சினத்தில் மோகம் கலந்திருப்பது மெய்யே. ஆயினும் அதன் அடியில், தீர்ப்புச் சொன்னவர் நாடகத்தைக் கேட்டாரா, கேட்டிருந்தால் எவ்விடத்தில் அமர்ந்து கேட்டார் என்றதொரு வினாவும் புதைந்து கிடக்கின்றது. பேச்சு நாடகத்தைப்பற்றி அவ்வினா எழுந்தால் அசட்டை செய்துவிடலாம். பாட்டினால் இயங்கும் நாடகத்திற்கு அது உயிர்நிலையானது.

இதனை விளக்க நான் முதலிற் செல்வது நகரத்து அரங்கிற்கன்று, பள்ளிப்பட்டிற்கு. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், சித்தூர்ச் சீமையோடு கிடந்து, எல்லைக் கிளர்ச்சியின் பயனாக 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணியோடு கூடச் சென்னை ராஜ்யத்திற்கு வந்து சேர்ந்த அவ்வட்டாரத்தில், தறிச்சத்தம் ஓயாத தெருக்களில் தமிழும் தெலுங்கும் ஒரே வாயிலிருந்து மாறி மாறி வரும். வடதமிழ்நாட்டுக்குப் பொதுவான திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் பாரதக் கூத்துமாக நாட்கள் பல செல்லும். எல்லைக்கு அப்பால் தெலுங்கில் நடக்கும் வீதி நாடகம் இதற்கு மிக நெருங்கிய உறவு.

கூத்தில் வேஷக்காரன் நேரே வந்து நின்றுவிடுவதில்லை. இருவர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்வார்கள். திரைக்குமேல் கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கை கட்டிய பாதமும் மட்டும் தெரியும். முகம் தெரியாத அந்நிலையில் துரியோதனன் தன் பெருமையைப் பாடிக்கொண்டே வருவான். அதாவது, கண்ணுக்கு விஷயம் கிடைக்குமுன் செவி தன் அபிப்பிராயத்தை முடித்துக்கொள்கின்றது. பின்வரிசையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் கிழவனார், முகவீணையும் மிருதங்கமும் முழங்கும்போதெல்லாம் அசையாமல் உறங்கி, பாஞ்சாலியின் விருத்தம் தொடங்கும் கணத்தில் எவரும் எழுப்பாமல் எழுந்து உட்காருவார். நெய்பவனுக்கு விரலிலேயே தாளம் உண்டு. அடி தவறினால் முழங்காலைத் தட்டும் அவன் கை நின்றுவிடும். நகரத்தார் இவ்வுறக்கத்தைக் கண்டு கூத்துச் சோபிக்கவில்லை என்று குறித்துக்கொண்டால், அக்குறிப்பு எவ்வளவு பிழையாகும்!

விடிந்தபின் தேநீர்க் கடைதான் நியாயஸ்தலம். 'இந்த வருஷம் துரியோதனனுக்குக் குரல் எழும்பவில்லை' என்று ஒருவர் சொல்வார். 'போன வருஷத்து ஆளுக்கு ஆட்டம் உண்டு, பாட்டு ஏது?' என்று மற்றொருவர் வெட்டுவார். இங்கே சண்டை உண்டு, சினம் இல்லை. காரணம் வெளிப்படை: குறை சொன்னவரும் அதே புழுதியில், அதே பனியில், விடிய விடிய உட்கார்ந்திருந்தவர் என்பதை எல்லோரும் அறிவர். இறுதித் தீர்ப்பை எழுதுவாரும் இல்லை. அடுத்த ஆண்டுக்கு வாத்தியாரிடம் வெற்றிலைபாக்கு வைக்கப்படுகின்றதா இல்லையா என்பதே அது.

இவ்வொற்றுமை குலைந்த இடத்தில் நேர்ந்ததை நமக்குக் காட்டும் தமிழ்ச் சான்று கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம். கதாகாலட்சேபத்திற்கென எழுந்து, பின்னர் நாடக மேடையையும் ஆட்கொண்ட அவ்விசைக் காவியத்திற்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சிறப்புப் பாயிரம் பெற விரும்பி, பாரதியார் மாயூரத்தில் பலமுறை சென்று நின்றார். இலக்கண வழுக்கள் மலிந்த நூலுக்குப் பாயிரம் தர மனமில்லாத பிள்ளையவர்கள் ஏதேனும் ஒரு காரணத்தால் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தார். பிற்பாடு ஒரு பகற்பொழுதில், அவர் உள்ளே இளைப்பாறிக்கொண்டிருந்தபோது, திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனைகளைத் தமக்குத் தாமே பாடத் தொடங்க, கேட்ட புலவர் உள்ளம் கரைந்து பாயிரம் தந்தார் என்பது உ.வே.சாமிநாதையர் வாயிலாக நாம் அறியும் வரலாறு.

இதனைப் புலவரின் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகவே பலரும் சொல்வர். நான் இதில் காண்பது வேறொன்று. பிள்ளையவர்களின் முதல் தீர்ப்புப் பிழையன்று. வழுக்கள் இருந்தன, திண்ணைப் பாட்டுக்குப் பின்னும் அவை ஒன்றும் மறைந்துவிடவில்லை. மாறியது நூலன்று, அதனை ஏற்ற புலன். ஏட்டில் வாசித்தபோது செய்யுளாக நின்றது செவியில் வேறு பொருளாயிற்று. இருவருக்கும் இடையில் அகப்பட்ட இளம் ரசிகர் ஒருவரும் உண்டு: பாரதியாரிடம் சிறிதுகாலம் இசை கற்ற சாமிநாதையரே அவர், தம் தமிழாசிரியரான பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று அறிந்ததும் அப்பயிற்சியை அவர் நிறுத்திக்கொண்டார். ரசிகர் எல்லோரும் கூச்சலிடுபவர் அல்லர். சிலர் இவ்வாறு மௌனமாகவே இழந்து நிற்பவர்.

விந்தை என்னவெனில், அதே நந்தன் கதை 1935-இல் இரண்டாம் முறையும் கண்டனத்துக்கு ஆளாயிற்று. கணவர் கிட்டப்பா 1933-இல் மறைந்தபின் மேடையை விட்டு ஒதுங்கியிருந்த கே.பி.சுந்தராம்பாள், லட்ச ரூபாய் ஊதியத்தில் நந்தனாராக வேஷம் பூண்ட படத்தை ஆனந்த விகடனில் கல்கி நையாண்டி செய்தார். பனைமரத்துக்கும் எருமைக்கும் அவர் அளித்த பாராட்டு இன்றும் பேசப்படுவது. 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதி, தமிழில் இசை நாடக விமர்சனத்துக்கு ஒரு நடையையே தந்தவர் அவர். அவருக்குச் செவி இல்லை என்று எந்த ரசிகரும் சொல்ல இயலாது. ஆனால் அவர் கண்டது ஒரு திரைப்படம். ஆண் வேஷமிட்டு மேடையில் பாடிய அம்மையாரைப் பல ஊர்க் கொட்டகைகளில் இரவெல்லாம் கேட்டவர்களோ அப்படத்தில் கேட்டது ஒரு நீண்ட சங்கீதத்தின் மீதியை. இருவரும் ஒரே சீட்டு வாங்கி ஒரே பொருளைக் காணவில்லை. 1953-இல் ஔவையாராக அம்மையார் மீண்டும் வந்தபோது கூடிய கூட்டம் அச்சங்கீதத்தை நினைவில் வைத்திருந்தது என்றே நினைக்கின்றேன்.

ரசிகர் பக்கத்துக் குற்றத்தையும் மறைத்தல் ஆகாது. ஸ்பெஷல் நாடகக் காலத்தில், 'ஒன்ஸ்மோர்' என்ற ஒரு கூச்சலுக்காக மாண்டு கிடந்த பாத்திரம் எழுந்து பாடிவிட்டு மறுபடி மாண்டதாக வேடிக்கைக் கதைகள் உலவின. கதைப்போக்கு சிதைந்தாலும் ராகம் நின்றால் போதும் என்றிருந்த அந்தப் பிடிவாதத்தின்மேல் அலுப்புக்கொண்டோர் பலர். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் நாடகத்தை வசனத்தின் பக்கம் திருப்பியது அச்சூழலில்தான். பல்லாரிக் குழுவினரின் தெலுங்கு நாடகங்களைக் கண்டு அவர் நாடகப் பித்துக் கொண்டார் என்பதைப் பள்ளிப்பட்டார் கேட்டால் வியக்கமாட்டார்கள்.

நம் காலத்து உதாரணம் ஒன்று கடல்கடந்து உள்ளது. ஏ.ஆர்.ரஹ்மான் பின்லாந்துக் குழுவொன்றோடும் கிறிஸ்தபர் நைட்டிங்கேலோடும் சேர்ந்து இசையமைத்த 'மோதிரங்களின் தலைவன்' ('லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்') கதை நாடகம், ஈழத்தமிழர் பல்லாயிரவர் வாழும் டொரண்டோ நகரில் 2006 மார்ச்சில் பெரும் பொருட்செலவில், மூன்றரை மணிநேர நீளத்தில் அரங்கேறிற்று. நீளம், குழப்பம் என்று பத்திரிகைகள் சாடின. செப்டம்பருக்குள் திரை விழுந்தது. மறு ஆண்டு சுருக்கி லண்டனில் ஏற்றினார்கள்; அதுவும் 2008 ஜூலையில் முடிந்தது. விமர்சகரைப் பொருட்படுத்தாத நாடகமும் அதே லண்டனில் உண்டு: 1985-இல் கண்டனங்களுக்கிடையே தொடங்கிய 'லே மிசராப்லே'வுக்குச் சீட்டு வாங்குவோர் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கவில்லை. ஆகவே கண்டனம் மட்டுமே ஒரு நாடகத்தைக் கொல்வதில்லை. டொரண்டோ நாடகத்தின் ரசிகர் அத்தனை பழியையும் விமர்சகர் தலையில் ஏற்றினால் அது மிகை.

ஆனால் மேலும் கேட்கத்தக்கது பின்னர் நிகழ்ந்தது. 2023-இல் இங்கிலாந்தின் நியூபரி அருகே, வாட்டர்மில் என்னும் சிறு அரங்கில், நடிகர்களே வாத்தியமும் வாசிக்க, தோட்டத்திலே தொடங்கி உள்ளே நுழையும் விதமாக அந்நாடகம் மீண்டும் எழுந்தபோது, பத்திரிகைகள் பாராட்டின. கதை அதுவே, பாடல்களும் பெரும்பாலும் அவையே. நீக்கப்பட்டது தொலைவு. பெரும் எந்திர மேடைக்கு அப்பால் நின்ற பாட்டு, கேட்பவனின் முழங்காலுக்கு அருகில் வந்து நின்றது. பாரதியாரின் திண்ணைக்கும் இத்தோட்டத்துக்கும் உள்ள ஒப்புமையை நான் வலிந்து காட்டவேண்டியதில்லை.

முதல் நாள் இரவில், எண்ணிட்ட ஆசனத்தில், ஒருமுறை மட்டும் கேட்டு, அச்சுக்கு ஏறும் நேரத்தை எண்ணிக்கொண்டே எழுதப்படும் விமர்சனம், அந்த இரவைப்பற்றி உண்மையாக இருக்கக்கூடும். இசை நாடகமோ பத்தாம் முறை கேட்டபின் பாட்டாகின்ற வகை. ரசிகர் திரும்பத் திரும்பச் சென்றவர் என்பதனால் அவர் சாட்சியம் தள்ளுபடியாகின்றது. விமர்சகர் ஒருமுறை சென்றவர் என்பதனால் அவருடையது நடுநிலை எனப்படுகின்றது. நியாயஸ்தலத்தில் இம்முறை நடந்தால் வக்கீல்கள் சும்மா இருக்கமாட்டார்கள்.

பள்ளிப்பட்டுப் பக்கத்தில் கூத்து முடிந்த காலையில் வேஷம் கலைக்கும் இடத்தில் சிறிது நேரம் நின்றால், புஜக்கட்டைகளை அவிழ்த்து வைத்துவிட்டு, தேங்காயெண்ணெயால் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் துரியோதனனிடம், இரவு முழுதும் உறங்கியதாக நாம் எண்ணிய அக்கிழவனார் வந்து, மூன்றாம் சாமத்தில் ஒரு விருத்தத்தில் விட்டுப்போன அடியைப் பாடிக் காட்டுவதைக் கேட்கலாம். வேஷக்காரர் ஒரு கண்ணில் மை கலைந்த நிலையிலேயே கைகூப்பி அதனை ஒருமுறை திருப்பிப் பாடுவார். வெற்றிலைத் தட்டு அதற்குப் பிறகுதான் வரும்.