நங்கை பாட்டு கேட்கப் போகும் ஊர்

சுசீந்திரம் என்றதும் பலரும் தாணுமாலயன் கோயில் இசைத்தூண்களைப் பற்றித்தான் கேட்பாங்க. எனக்கு முதலில் ஞாபகம் வருவது முன்னுதித்த நங்கை அம்மன். புரட்டாசியில் அம்மன் பல்லக்கில் கிளம்பும்போது எங்க ஆச்சி சொல்வாள்: "அம்மை திருவனந்தபுரத்துக்குப் பாட்டு கேக்கப் போறா."

ஆச்சி சொன்னது சரியா என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

நவராத்திரி விழா முதலில் பத்மநாபபுரம் அரண்மனையில்தான் நடந்தது. 1795-ல் திருவிதாங்கூரின் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. பிறகு, 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் காலத்தில் விழாவும் அங்கே போனது. தெய்வங்கள் மட்டும் இடம் மாறவில்லை. வருஷா வருஷம் போய்த் திரும்புகின்றன. சுசீந்திரத்து நங்கை பத்மநாபபுரம் போய்ச் சேர்ந்ததும், தேவாரக்கட்டு சரஸ்வதி யானை மேலும், வேளிமலை முருகன் கூடவும் புறப்படுவார்கள். குழித்துறை, நெய்யாற்றின்கரையில் தங்கி, 70 கிலோமீட்டருக்கு மேல் பயணம். 1956-ல் நடுவில் மாநில எல்லை வந்தது. ஊர்வலம் நிற்கவில்லை. களியக்காவிளையில் இரண்டு மாநிலத்தாரும் மரியாதை செய்கிறார்கள்.

கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைக் கச்சேரி. தினமும் சுவாதித் திருநாளின் ஒரு கீர்த்தனைதான் பிரதானம். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, கடைசி நாள் ஆரபி. கைதட்டல் கிடையாது. கச்சேரி சரஸ்வதிக்கு, நாம் ஓரமாக உட்கார்ந்து கேட்பவர்கள்.

இங்கேதான் ஆச்சியின் கணக்கு இடித்தது. மண்டபத்தில் இருப்பது சரஸ்வதி மட்டும். முருகன் ஆரியசாலையில், நம்ம நங்கை செந்திட்டையில். அவ்வளவு தூரம் போயும் அவள் அந்த மண்டபத்துக்கு வெளியேதான்.

பாடும் பெண்களும் வெகுகாலம் வெளியேதான் நின்றார்கள். கலைமகளுக்கான மேடையில் முதன்முதலாக ஒரு பெண் பாடியது 2006-ல்! பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி. அப்போது வயது 81. பாறசாலை எங்கே இருக்கிறது? களியக்காவிளை தாண்டியதும், இந்த ஊர்வலம் போகிற அதே பாதையில். அவர் பிறந்த ஊர் வழியாகத்தான் மூன்று தெய்வங்களும் வருஷா வருஷம் போனார்கள். அந்த மண்டபத்துக்குள் பாட அவருக்கு 81 வயது வரை ஆயிற்று.

விஜயதசமி முடிந்து நங்கை ஊர் திரும்புவாள். மார்கழியில் அதே வேளிமலை முருகன், கோட்டாறு பிள்ளையாரோடு, மக்கள்மார் சந்திப்புக்கு சுசீந்திரம் வருவார். புரட்டாசியில் நம்ம ஊர் அங்கே போகும்; மார்கழியில் உறவுகள் இங்கே வரும்.

ஆச்சி போய்ப் பல வருஷமாச்சு. 2006 விஷயத்தை அவளிடம் சொல்லியிருந்தால், "இவ்வளவு நாளா ஏன் விடல?" என்றுதான் கேட்டிருப்பாள். அதற்கு என்னிடம் நியாயமான பதில் இல்லை.