1956: மொழி தீர்ப்பளித்த தேர்தல்

1952இல் தெரிவான இலங்கை நாடாளுமன்றத்தின் ஆயுள் முடியுமுன்பே, 1956 பெப்ரவரியில் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல அதனைக் கலைத்துத் தேர்தலை அறிவித்தார். சிங்களத்துக்கும் தமிழுக்கும் சமநிலை பேசிவந்த அவரது ஐக்கிய தேசியக் கட்சி, அதே மாதம் களனி மாநாட்டில் ‘சிங்களம் மட்டும்’ என்னும் கொள்கைக்கு மாறியது. எதிர்க்கட்சித் தலைவர் பண்டாரநாயக்காவின் முழக்கத்தைத் தனதாக்கிக்கொள்ளும் முயற்சி அது.

முயற்சி பலிக்கவில்லை. ஏப்ரல் 5, 7, 10 ஆகிய நாள்களில் நடந்த வாக்களிப்பில், 95 இடங்களுள் பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணி 51 இடங்களைப் பெற்றது. ஆளுங்கட்சிக்கு எஞ்சியவை 8. வடகிழக்கில் தமிழரசுக் கட்சி 10 இடங்களில் வென்றது.

இவ்வெற்றியை வெறும் இனவாதத்தின் விளைவாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. பிக்குகள், ஆயுர்வேத வைத்தியர், சிங்கள ஆசிரியர், உழவர், தொழிலாளர் ஆகியோர் பண்டாரநாயக்காவின் பின்னே திரண்டனர். ஆங்கிலம் அறிந்த சிறுபான்மையினரே பதவிகளை நிரப்பிய நாட்டில், தாய்மொழி கற்றோரின் மனக்குறை நியாயமானதே. அக்குறை தமிழ் கற்றோருக்கும் உரியதே. ஆங்கிலம் இறங்கிய அரியணையில் இரு மொழிகளுக்கும் இடமிருந்தது, ஒன்றே அமர்த்தப்பட்டது.

ஜூன் 5ஆம் நாள் காலிமுகத்திடலில் அறவழியில் அமர்ந்த தமிழர் தாக்கப்பட்டனர். அம்மாதமே சட்டம் நிறைவேறியது. தமிழும் அரசகரும மொழி என்னும் வாசகம் அரசியலமைப்பில் இடம்பெற 1987 வரை, 31 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் நாடு போருக்குள் புகுந்திருந்தது.

மொழியைப் போற்றுவோர் மறக்கலாகாத பாடம் இது. தன் மொழிக்கு உரிமை கேட்கும் குரல், அயல்மொழியின் உரிமையை மறுக்கும் கணத்தில் ஆதிக்கத்தின் குரலாகிவிடுகிறது.