பென் டிரைவுக்குள்ள ஒரு போடி

போன மாசம் போடிக்குப் போயிருந்தேன், மதுரையில இருந்து ரயில்ல. 1928-ல போட்ட பாதை அது. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில மூடினாங்க. மறுபடி போடி வரைக்கும் ரயில் வந்தது 2023 ஜூன்லதான்.

எங்க சித்தி அங்க டீச்சர், சமூக அறிவியல் எடுக்கிறாங்க. காபி குடுத்த கையோட ஒரு பழைய பென் டிரைவையும் நீட்டினாங்க. "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இதைத் திறந்து குடு."

பல வருஷத்துக்கு முன்னாடி, ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போன பாட்டிகள் சிலரைப் பார்த்துப் பேசி, சித்தியே டைப் பண்ணின குறிப்பு அதுல இருக்கு. ஜீப் வர்றதுக்கு முன்னாடி நடந்தே மலை ஏறினது, மழையில தங்கினது, கூலி வாங்கினது எல்லாம். அதுல ரெண்டு பாட்டிங்க இப்ப இல்ல. வேற காப்பியும் இல்ல. ஃபைலைத் திறந்தா, முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா இருக்கு. சித்தி முகமே வாடிப்போச்சு.

இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. தமிழுக்கு யூனிகோட்ல 1991-லயே இடம் குடுத்தாச்சு. ஆனா அது நம்ம கம்ப்யூட்டருக்கு வந்து சேரப் பல வருஷம் ஆச்சு. விண்டோஸ் 2000-லதான் லதா ஃபான்ட்டோட வந்துச்சு. அதுவரைக்கும் ஆளாளுக்கு ஒரு ஃபான்ட். பாமினியில 'எம்' கீயைத் தட்டினா திரையில 'அ' வரும். ஆனா கம்ப்யூட்டர் சேமிச்சு வைக்கிறது 'எம்'மைத்தான். ஃபான்ட் இல்லாத மெஷின்ல அந்த 'எம்' மட்டும்தான் தெரியும்.

அந்தக் குழப்பத்துக்கு நடுவுலதான், 1998 பொங்கல் அன்னைக்கு மதுரைத் திட்டம் ஆரம்பிச்சுது. சுவிட்சர்லாந்துல வேதியியல் ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னெடுத்தார். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் வாங்காம பழைய நூல்களை டைப் பண்ணி, பிழை திருத்தி, இலவசமா இணையத்துல போட்டாங்க. ஆளுக்கொரு ஃபான்ட்னா அந்த உழைப்பு வீண். அதனால டிஸ்கின்னு ஒரு பொதுக் குறியீட்டுக்கு வந்தாங்க, அப்புறம் யூனிகோடுக்கு மாறினாங்க. 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையைக் கொண்டுவந்துச்சு. 2010-ல யூனிகோடை ஏத்துக்கிச்சு.

சித்தியோட ஃபைல் பாமினியில இருந்துச்சு. ஃபான்ட் எதுன்னு தெரிஞ்சா போதும், ஒருங்குறி மாற்றியில போட்டா தமிழ் திரும்ப வந்துரும். வந்துச்சு. அங்கங்க கொம்பும் காலும் இடம் மாறியிருந்துச்சு. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ரெண்டு பேரும் உட்கார்ந்து திருத்தினோம்.

அப்புறம் இன்டர்நெட் ஆர்க்கைவ்ல நெல்சன் 1868-ல எழுதின மதுரை மேனுவலையும், பிரான்சிஸோட 1906 மதுரை கெஜட்டியரையும் எடுத்துக் காட்டினேன். ரெண்டுமே இலவசம். சித்தி சந்தோஷப்பட்டாங்க, உடனே ஒரு கேள்வியும் கேட்டாங்க: "இதுல ஜமீன் இருக்கு, வரி இருக்கு. எங்க பாட்டிங்க எங்கடா?"

இல்லதான். அது நிர்வாகத்துக்காக அதிகாரிகள் எழுதினது. 'சரி, விக்கிப்பீடியாவுல போட்டுரலாம்'னு சொன்னேன். அப்புறம்தான் உறைச்சுது, அங்க ஏற்கெனவே வெளியான ஆதாரம் வேணும். பாட்டி சொன்னாங்கன்னு நேரா எழுத முடியாது. அதனால, யார்கிட்ட எந்த வருஷம் பேசினதுன்னு முன்னாடி ஒரு பக்கம் சேர்த்தோம். பாட்டிங்க வீட்டுல சம்மதம் வாங்கிட்டு இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஏத்தலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்.

இதைக் கேக்கிற டீச்சர்களுக்கு: இலக்கியம்னா மதுரைத் திட்டம், பழைய புத்தகம்னா தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம், ஆங்கில ஆவணம்னா ஆர்க்கைவ். நீங்க எழுதுறதை யூனிகோட்லயே எழுதுங்க, ரெண்டு இடத்துல வைங்க.

மத்தவங்க வீட்டு டிராயர்லயும் இப்படி ஒரு பென் டிரைவ் கிடக்கும். இந்த வாரமே எடுத்துத் திறந்து பாருங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.