பிடிச்சா விடாத கிளட்ச்: மாடல் டி கார்லேர்ந்து ஒரு பாடம்

கிளட்சை முழுசா மிதிச்சிருக்கீங்க, முதல் கியர் போட்டிருக்கு, ஆனாலும் வண்டி மெதுவா முன்னாடி நகருது. ரிவர்ஸ் போட்டா கரகரன்னு சத்தம். உடனே நிறைய பேர் "கியர்பாக்ஸ் போச்சு"ன்னு முடிவு பண்ணிடுவாங்க. பல சமயம் கியர்பாக்ஸ் மேல தப்பே இருக்காது. கிளட்ச் முழுசா விட மாட்டேங்குது, அவ்வளவுதான். இந்தப் பிரச்சினைக்கு நூறு வயசுக்கு மேல ஆகுது. இன்னைக்கு அந்தக் கதையைப் பார்ப்போம்.

1908-ல அமெரிக்காவுல ஃபோர்டு மாடல் டி வந்துச்சு. 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடி வண்டி தயாரிச்சாங்க. அதோட கிளட்ச் நம்ம கார்ல இருக்கிற மாதிரி ஒத்தை பிளேட் கிடையாது. எஃகுத் தட்டுகளை அடுக்கி வெச்ச ஒரு கட்டு. என்ஜினுக்கு ஊத்துற ஆயில்லயே அதுவும் நனைஞ்சுகிட்டு சுத்தும். ஸ்பிரிங் அழுத்தினா தட்டுகள் ஒண்ணா சேர்ந்து சுத்தும், அழுத்தம் போனா பிரியணும்.

குளிர்காலத்துலதான் சிக்கல். ஆயில் கெட்டியாயிடும். ஸ்பிரிங் அழுத்தத்தை எடுத்தாலும், நடுவுல இருக்கிற ஆயிலே ஒரு தட்டோட சுழற்சியை அடுத்த தட்டுக்குக் கடத்திடும். லீவர் நியூட்ரல்ல இருக்கும், ஆனா வண்டிக்குள்ள நியூட்ரலே இருக்காது.

இதுல உயிர் பயமும் இருந்துச்சு. அப்போ வண்டிக்கு முன்னாடி நின்னு, கம்பியைக் கையால சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும். என்ஜின் பிடிச்ச நொடியில, சுத்தினவர் மேலயே வண்டி நகர்ந்து வரும். அதனால ஜனங்க ஒரு பின் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கிட்டு ஸ்டார்ட் பண்ணாங்க. டிஃபரன்ஷியல் இருக்கிறதால, தூக்கின சக்கரம் மட்டும் காத்துல சுத்தும், வண்டி நின்ன இடத்துலயே நிக்கும். நம்ம பாஷையில சொன்னா, பக்காவான ஒர்க்கரவுண்ட்!

சரி, என்ஜின் நல்லா சூடான பிறகும் வண்டி நகருதுன்னா? அப்போ ஆயில் மேல பழி போட முடியாது. கை லீவரை இழுத்தா கிளட்சை விடுவிக்கிற இடத்துல ஒரு திருகு இருக்கும். தேய்மானத்தால அங்க அசைவு குறைஞ்சிருக்கும், திருகை சரி பண்ணணும். அதாவது, குளிர்ல மட்டும் வருதா, எப்பவும் வருதாங்கிற ஒரே கேள்வியில பாதி டீபக் முடிஞ்சிடும்.

அந்தக் கேள்வியோட உள்ளர்த்தம் இன்னைக்கும் மாறல. கால் கொடுக்கிற அசைவு கிளட்ச் வரைக்கும் போய்ச் சேரலையா? இல்ல, போய்ச் சேர்ந்தும் பிளேட் பிரியலையா? முதல் வகையில ஆயில் கசிவு, லைன்ல ஏர் பிடிக்கிறது, கேபிள் தளர்றது எல்லாம் வரும். ரெண்டாவதுல, வளைஞ்ச பிளேட், இல்லன்னா துரு ஏறி ஷாஃப்ட்டுல சிக்கிக்கிற பிளேட். ஹைட்ராலிக் கிளட்ச்னா பெடலை ரெண்டு மூணு தடவை வேகமா மிதிச்சுப் பாருங்க. கியர் சுலபமா விழுந்தா, சந்தேகம் முதல் வகை மேல போகும். அதை சரி பண்ண கியர்பாக்ஸை இறக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

அப்புறம் ஏன் நாம இதை லேட்டா கண்டுபிடிக்கிறோம்? 1928-ல கேடிலாக் கார்ல சின்க்ரோமெஷ் வந்துச்சு. கியர் பல்லுங்க சேர்றதுக்கு முன்னாடி, ரெண்டோட வேகத்தையும் அது சமமாக்கிடும். அருமையான கண்டுபிடிப்பு. ஆனா கிளட்ச் கொஞ்சம் இழுத்தாலும் சத்தமே வராம மூடி மறைச்சிடும். எர்ரர் வந்தும் லாக்ல எழுதாத கோட் மாதிரி. உள்ள அந்த சின்க்ரோ தேஞ்சுகிட்டே இருக்கும்.

பல கார்கள்ல ரிவர்ஸுக்கு மட்டும் சின்க்ரோ கிடையாது. அதனாலதான் முதல் புகார் அங்கேயிருந்து வருது. என்ஜின் ஐடில்ல இருக்கும்போது கிளட்சை முழுசா மிதிச்சு, சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்க. அப்பவும் கரகரன்னா கிளட்ச் விடலைன்னு சந்தேகப்படலாம். கியரை அடிச்சுத் திணிக்காதீங்க.

மெக்கானிக்கிட்ட போனா "கியர் விழல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "காலையில மட்டும் வருது", "பம்ப் பண்ணா சரியாகுது"ன்னு சொல்லுங்க. அந்த ஒரு வரி பெரிய பில்லை சின்ன பில்லா மாத்தலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே!